குற்றமில்லை

1959 அக்டோபர் 21-ஆம் தேதி பம்பாய் ஸெஷன்ஸ் கோர்ட்டில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி தனியறைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து தன் தீர்ப்பைச் சொன்னது. எட்டுப் பேர், குற்றமில்லை. ஒருவர், குற்றம். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. காரணம் சொல்லவேண்டிய கடமை ஜூரிக்கு இல்லை. ஜட்ஜ் மேத்தா இந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து, நியாய புத்தியுள்ள எவரும் இந்த சாட்சியங்களிலிருந்து இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் 1960 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. சுப்ரீம் கோர்ட் 1961 நவம்பரில் அதை உறுதி செய்தது. எட்டுப் பேர் ஒரே சொல்லில் சொன்னதை மறுக்க மேலே இருந்தவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது.

நானாவதி வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹிந்தியில் 1963-லும் 2016-லும் படமாகக்கூட எடுத்துவிட்டார்கள். எனவே கதையைச் சுருக்குகிறேன். ஏப்ரல் 27 அன்று கடற்படைக் கமாண்டர் காவஸ் நானாவதியிடம் அவர் மனைவி ஸில்வியா, குடும்ப நண்பர் பிரேம் அஹூஜாவுடன் தனக்கு ஏற்பட்டிருந்த உறவைச் சொல்கிறாள். அவர் மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் மாட்னி காட்சிக்கு இறக்கி விடுகிறார். கப்பலுக்குப் போய், இரவில் தனியாகக் காரில் அஹமத்நகர் போகவேண்டும் என்று பொய் சொல்லி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொள்கிறார். அஹூஜாவின் ஆபீஸுக்குப் போகிறார். அங்கே ஆள் இல்லை. வீட்டுக்குப் போகிறார். படுக்கையறைக் கதவு சாத்தப்படுகிறது. மூன்று குண்டுகள். பிறகு போலீஸிடம் போய்த் தானே சரணடைகிறார். வீட்டைவிட்டுக் கிளம்பியது பகல் ஒன்றரை மணிக்கு, சுட்டது 4-20-க்கு.

அறைக்குள் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. அஹூஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றிருந்தான். பிராஸிக்யூஷனுக்கு அந்தத் துண்டுதான் பெரிய சாட்சி. இரண்டு பேர் துப்பாக்கிக்காகக் கட்டிப்புரண்டிருந்தால் துண்டு அவிழ்ந்திருக்கும், அவிழவில்லை. ஆகவே போராட்டம் நடக்கவில்லை. எதிர்த் தரப்பு சொன்னது, 'மனைவியை நான் விட்டுவிட்டால் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாயா என்று நானாவதி கேட்டார், அவன் இழிவாகப் பதில் சொன்னான், கைகலப்பு, துப்பாக்கி தானாக வெடித்தது' என்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊர் முழுவதும் பேசிய விஷயம் வேறு, கோர்ட்டில் வாதாடிய விஷயம் வேறு. ஊர் பேசியது மானம். நேர்மையான அதிகாரி, நாட்டுக்காகக் கடலில் இருந்தவன், இந்தப் பக்கம் பணமும் பெண்களுமாகத் திரிந்த கார் வியாபாரி. 'ப்ளிட்ஸ்' வாரப் பத்திரிகை இந்தச் சித்திரத்தை வாராவாரம் வர்ணம் தீட்டிக் கொடுத்தது. பம்பாய்த் தெருக்களில் நானாவதி ரிவால்வர் என்று பொம்மைத் துப்பாக்கியும் அஹூஜா டவல் என்று துண்டும் விற்றதாகச் சொல்வார்கள். சட்டத்திலோ மானத்துக்கு முழு விடுதலை கிடையாது. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல் என்பதை ஒப்புக்கொண்டால் கொலை என்பது ஒரு படி இறங்கும், அவ்வளவுதான், தண்டனை உண்டு. முழுதாகக் குற்றமில்லை என்று சொல்லச் சட்டம் விட்டிருந்த வழி ஒன்றே: அது விபத்து. அதாவது அந்த எட்டுப் பேர் நானாவதியை வீட்டுக்கு அனுப்ப விரும்பியிருந்தால், துண்டு அவிழாத போராட்டத்தை நம்பியே தீரவேண்டும், அல்லது நம்பியதாகச் சொல்லவேண்டும். கருணை காட்ட நினைத்தவனுக்கும் பொய்யின் வாசல் வழியாகத்தான் நுழைய முடிந்தது.

அவர்கள் நிஜமாகவே விபத்து என்று நம்பியிருக்கலாம். அதை நான் மறுக்க முடியாது. ஒருவராலும் முடியாது. காரணம் சொல்லாத தீர்ப்பின் பலமே அது.

தமிழில் 'குற்றமில்லை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. அவன் அதைச் செய்யவில்லை என்பது ஒன்று. செய்தான், ஆனால் பரவாயில்லை என்பது மற்றது. செருப்போடு உள்ளே வந்துவிட்ட விருந்தாளியிடம் குற்றமில்லை என்கிறோம். 'தப்பில்லை' என்பதும் இப்படித்தான். 'அவன் மேல் தப்பில்லை' என்பதற்கும் 'அவனை வெட்டினதில் தப்பில்லை' என்பதற்கும் இடையில் ஒரு வேற்றுமை உருபுதான் மாறுகிறது. பரபரப்பான கொலை வழக்குகளில் ஜூரி எப்படி முடிவுக்கு வருகிறது என்று கேட்கிறவர்கள் சாட்சியம், தர்க்கம், உணர்ச்சி, வக்கீலின் குரல் என்று பட்டியல் போடுகிறார்கள். எனக்கு என்னவோ அடிப்படையான விஷயம் இந்தச் சொல்லின் இரட்டைத்தன்மை என்று தோன்றுகிறது. ஜட்ஜ் முதல் அர்த்தத்தில் கேட்கிறார். ஜூரி இரண்டாவது அர்த்தத்தில் பதில் சொல்லலாம். சொல் ஒன்றே ஆனதால் கோர்ட்டின் பதிவேட்டில் வித்தியாசம் தெரியாது.

இதை ஜூரியின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதன் பெருமையும் இதில்தான் இருக்கிறது. 1670-இல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு குவேக்கர்கள் தெருவில் கூட்டம் போட்டுப் பிரசங்கம் செய்ததற்காக நிறுத்தப்பட்டார்கள். செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஜூரி தண்டிக்க மறுத்தது. சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்தார்கள். மசியவில்லை. அபராதம் போட்டு, கட்ட மறுத்தவர்களைச் சிறையில் தள்ளினார்கள். அவர்களில் புஷல் என்பவர் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று முடிவாயிற்று. 1985-இல் அதே லண்டனில் க்ளைவ் பான்டிங் என்ற அரசு அதிகாரி, பாக்லண்ட்ஸ் யுத்தத்தில் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றிய காகிதங்களை ஒரு பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு அனுப்பியதற்காக நிறுத்தப்பட்டார். அனுப்பியதை அவரே மறுக்கவில்லை. தண்டிப்பதைத் தவிர ஜூரிக்கு வேறு வழியில்லை என்கிற மாதிரி ஜட்ஜ் சட்டத்தை விளக்கினார். பன்னிரண்டு பேரும் குற்றமில்லை என்றார்கள். காரணம் கேட்டிருந்தால் அவர்களால் சட்டத்துக்குள் நின்று ஒரு காரணமும் சொல்லியிருக்க முடியாது. மௌனமே அவர்களைக் காப்பாற்றியது.

காரணம் சொல்லாத தீர்ப்பு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. க.நா.சு. ஒரு நாவலை நல்ல நாவல் என்று பட்டியலில் சேர்த்துவிடுவார். ஏன் என்று கேட்டால் படித்துப் பார் என்பதுதான் பதில். செல்லப்பாவுக்கு அது போதவில்லை, வரிவரியாக அலச வேண்டும் என்றார். (அவர் 'எழுத்து'வை ஆரம்பித்ததும் அதே 1959-இல், ஜனவரியில்.) இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டியதில்லை. ரசனை காரணத்துக்கு முந்தியது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் விமர்சகன் தப்பாகத் தீர்ப்புச் சொன்னாலும் புஸ்தகம் அலமாரியில் இருக்கும். முப்பது வருஷம் கழித்து ஒருவன் எடுத்துப் பிரித்து, இவர் சொன்னது அபத்தம் என்று சொல்ல முடியும். செத்துப்போனவனை அப்படி மறுபடி பிரித்துப் பார்க்க முடியாது.

புஷலின் ஜூரி சொன்ன சொல்லையே 1955 செப்டம்பரில் மிஸிஸிப்பியில் ஸம்னர் என்ற ஊரில் இன்னொரு ஜூரி சொன்னது. எம்மட் டில் பதினாலு வயதுக் கறுப்புப் பையன். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவன். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்பதற்காக ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய் அடித்துச் சுட்டு ஆற்றில் எறிந்தார்கள். பெண்ணின் புருஷனும், தாய் ஒன்று தகப்பன் வேறான அவனுடைய அண்ணனும் கூண்டில் நின்றார்கள். ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள், எல்லோரும் ஆண்கள். 67 நிமிஷத்தில் குற்றமில்லை என்று வந்துவிட்டார்கள். நடுவில் சோடா குடிக்க நிறுத்தாமல் இருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. அடுத்த ஜனவரியில் அந்த இரண்டு பேரும், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்க முடியாது என்ற தைரியத்தில், கொன்றது நாங்கள்தான் என்று 'லுக்' பத்திரிகையில் பணம் வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

புஷலின் ஜூரி உயர்ந்தது, ஸம்னர் ஜூரி தாழ்ந்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும். 'அவர்கள் நல்ல காரணத்துக்காகச் சட்டத்தை மீறினார்கள், இவர்கள் கெட்ட காரணத்துக்காக' என்றால் அது அளவுகோல் ஆகாது. இரண்டு பேருமே காரணம் சொல்லவில்லை. காரணத்தை நாம் வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்கிறோம். எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு. பென் வழக்கிலும் பான்டிங் வழக்கிலும் குறைப்பட்டது ராஜாங்கம். ராஜாங்கம் தன் குடிமக்களின் பெயரால் நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. எனவே அதற்கு நேர்ந்த குறையை, குடிமக்கள் பன்னிரண்டு பேர் 'பரவாயில்லை, விடு' என்று தள்ளுபடி செய்யலாம். தங்களுக்கு வரவேண்டிய கடனைத்தான் தள்ளுகிறார்கள். டில் வழக்கில் கடன் அவர்களுக்கு வரவேண்டியதல்ல. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்த நெய்யைத்தான் பரிமாறினார்கள்.

சட்டம் இதை மறைப்பதற்கென்றே ஒரு கற்பனை வைத்திருக்கிறது. கொலை என்பது செத்தவனுக்கு எதிரான காரியம் அல்ல, ராஜாங்கத்துக்கு எதிரான காரியம் என்பது அந்தக் கற்பனை. பழிக்குப் பழி என்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க இது தேவைப்பட்டது, வாஸ்தவம். ஆனால் இதன் விலையைப் பாருங்கள். சுப்ரீம் கோர்ட்டில் அந்த வழக்கின் பெயர் 'கே. எம். நானாவதி எதிர் மஹாராஷ்டிர மாநிலம்'. அஹூஜா தலைப்பில்கூட இல்லை. உள்ளே எக்ஸிபிட்டாக இருக்கிறான், துண்டோடு. அவன் நல்லவனா கெட்டவனா என்பது பற்றி எல்லோரும் பேசலாம். அவனால் மட்டும் பேச முடியாது. பெண்களிடம் அவன் ஏமாற்றுக்காரனாகவே இருந்திருக்கலாம். அதற்கு மரண தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. 'குற்றமில்லை'யின் இரண்டாவது அர்த்தத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லப்படும்போது, கூண்டில் நிற்பவன் விடுதலை ஆவதோடு செத்தவன் தண்டிக்கப்படுகிறான். விசாரணை இல்லாமல், வக்கீல் இல்லாமல்.

சிட்னி லூமட்டின் '12 ஆங்ரி மென்' (1957) படத்தைப் பார்த்தவர்கள் ஜூரி என்றால் ஹென்றி ஃபோண்டாவையே நினைக்கிறார்கள். ஒருவன் பதினோரு பேரைப் பேசிப் பேசித் திருப்புகிறான். நல்ல படம். ஆனால் அதில் செத்தவன் யார்? குற்றம் சாட்டப்பட்ட பையனின் அப்பா. அந்த மனிதனைப் பற்றி நமக்கு முக்கியமாகத் தெரிவது அவன் பையனை அடிப்பான் என்பதுதான். அவனுக்காக அந்த அறையில் ஒருவரும் ஒரு நிமிஷம் துக்கப்படுவதில்லை; படம் பார்க்கிற நாமும்தான். தவிர, நடைமுறையில் ஃபோண்டாக்கள் ஜெயிப்பது அபூர்வம். ஸிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வனும் ஸைஸலும் 1966-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முதல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ அதுவே பத்தில் ஒன்பது தடவை கடைசித் தீர்ப்பாகவும் ஆகிறது என்று கண்டார்கள். அதாவது அறைக்குள் நுழையும்போதே தீர்ப்பு ஏறக்குறைய ஆகிவிட்டது. விவாதம் என்பது மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று பேரை ஊரோடு சேர்ப்பது. அதே ஆய்வில், நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் ஜட்ஜும் ஜூரியும் ஒத்துப்போகிறார்கள் என்பதும் தெரிந்தது. தகராறு வருவதெல்லாம் மிச்சத்தில். அந்த மிச்சத்தில்தான் ஒரு சமூகம் யாரைத் தன்னைப் போன்றவன் என்று நினைக்கிறது என்பது வெளிவருகிறது.

தன்னைப் போன்றவன். ஜூரி என்ற ஸ்தாபனத்தின் மூலாதாரமே இது. ஒருவனை அவனுக்குச் சமமானவர்கள் விசாரிக்க வேண்டும். இந்தியாவில் இந்தத் தத்துவம் எப்படி வேலை செய்தது என்பதற்கு இல்பர்ட் மசோதாவை நினைவுபடுத்தினால் போதும். 1883-இல் ஜில்லாவில் இந்திய ஜட்ஜ் வெள்ளைக்காரனை விசாரிக்கலாம் என்று சட்டம் வரப்போகிறது என்றதும் தோட்ட முதலாளிகள் கொதித்து எழுந்தார்கள். 1884-இல் சமரசம் ஏற்பட்டது: பாதிக்குக் குறையாமல் வெள்ளையர் இருக்கும் ஜூரியைக் கேட்கும் உரிமை. கூலியாளை உதைத்துக் கொன்ற துரைக்குச் சமமானவர்கள் கிடைத்தார்கள். கூலியாளுக்குச் சமமானவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. 1908-இல் திலகர் மேல் நடந்த ராஜத்துரோக வழக்கில் ஒன்பது பேரில் ஏழு பேர் ஐரோப்பியர், இரண்டு பேர் பார்ஸிகள். தீர்ப்பு ஏழுக்கு இரண்டு. இதற்குக் காரணம் தேடி யாரும் அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கு இருக்கிறது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஹைகோர்ட்டில் ஜூரி முன்னால் நிறுத்தப்பட்டார்கள். செத்தவர் மேல் ஊரில் யாருக்கும் அன்பு இல்லை. கூண்டில் நிற்பவர்களோ தமிழ்நாடே கொண்டாடியவர்கள். 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சொல்லிவந்த கணக்குப்படி விடுதலை ஆகியிருக்க வேண்டும். 1945 மே மாதம் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை கிடைத்தது. விடுவித்தது ஜட்ஜுகள்தான்: பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட் விடுதலை செய்தது. இதை வைத்துக்கொண்டு, ஜூரி புகழில் மயங்கவில்லை, ஆகவே நேர்மையானது என்று சொல்லலாம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. அந்தக் காலத்து ஹைகோர்ட் ஜூரிப் பட்டியல் என்பது சொத்தும் ஆங்கிலமும் உள்ளவர்களின் பட்டியல். பிராட்வே தியேட்டரில் தரை டிக்கெட்டுக்கு நின்ற கூட்டம் அதில் இல்லை. பாகவதருக்கு ரசிகர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சமமானவர்கள் என்று அந்தப் பெட்டிக்குள் ஒன்பது பேர் இருந்தார்களா என்பது சந்தேகம். கூத்தாடி என்ற சொல் அப்போது வசைச் சொல்லாகத்தான் இருந்தது. இது என் ஊகம். ஜூரி காரணம் சொல்லாதபோது மிஞ்சுவது ஊகம்தான்.

நீதி என்று பேச வந்தால் உடனே சிலம்பை எடுப்பது நம் வழக்கம். அதை மேடைக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஸ்வாரஸ்யமாகப் படுவது சோழர் காலத்துக் கோவில் கல்வெட்டுகள் சில. வேட்டைக்குப் போன இடத்தில் குறி தப்பி, அல்லது மிருகம் என்று நினைத்து, ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிடுகிறான். ஊரார் கூடுகிறார்கள். கொல்ல நினைத்துக் கொல்லவில்லை, ஆகவே அவன் சாகவேண்டாம் என்கிறார்கள். ஆனால் அதோடு விடுவதில்லை. செத்தவன் பேரில் கோவிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க வேண்டும். அதற்கு நெய் வேண்டும், நெய்க்கு ஆடு. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். அந்த மந்தை எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டியது என்பதால் அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். நடந்தது, சபை சொன்னது, ஆட்டுக் கணக்கு, எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. குற்றம், குற்றமில்லை என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் அந்தச் சபைக்கு ஒரு மூன்றாவது சொல் இருந்தது. நீ போகலாம், ஆனால் அவன் இருந்தான் என்பது தினமும் எரிய வேண்டும். பம்பாயின் எட்டுப் பேருக்கு இது கிடைக்கவில்லை.

பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சபைகளில் உட்கார்ந்தவர்கள் நிலமுள்ள மேல்சாதிக்காரர்கள். 96 ஆடு வைத்திருந்தவன்தான் விளக்கேற்றித் தப்பிக்க முடிந்தது. ஆடு இல்லாதவனின் அம்பு குறி தப்பியபோது என்ன நடந்தது என்று எந்தக் கல்லிலும் நான் படித்ததில்லை.

இந்தியாவில் இப்போது ஜூரி கிடையாது. நானாவதி வழக்கினால்தான் ஒழிந்தது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சரியல்ல. அதற்கு முந்தின வருஷமே, 1958-இல், சட்டக் கமிஷன் தன் பதினாலாவது அறிக்கையில் எடுத்துவிடச் சிபாரிசு செய்துவிட்டது. 1973-இல் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி இல்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை. பார்ஸிகளின் விவாக வழக்குகளில் மட்டும் அதன் நிழல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இனிமேல் எல்லாம் காரணத்தோடு கூடிய தீர்ப்புதான் என்று நாம் நிம்மதி அடைந்தோம். காரணம் என்றால் என்ன? சுப்பாராவ் எழுதிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் கடைசியாக நிற்கிற காரணம் ஒரு கடிகாரம். ஒன்றரைக்கும் 4-20-க்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆத்திரம் ஆறுவதற்கு அது போதும். நானாவதியின் ஆத்திரம் ஆறியதா என்பது வேறு விஷயம். ஆறியிருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் இது மறுக்கக்கூடிய காரணம். மூன்று மணி நேரம் போதாது என்று இன்றைக்கும் ஒருவர் எழுதலாம். எட்டுப் பேரின் மௌனத்தோடு அப்படி வாதாட முடியாது. என் ஓட்டு கடிகாரத்துக்குத்தான்.

ஆனால் மௌனம் அதோடு போய்விடவில்லை. 1964-இல் கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார். மன்னிப்பு ஆணைக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஜூரி பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட இரண்டாவது அர்த்தம் கவர்னர் மாளிகை வழியாகத் திரும்பி வந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அதற்கு முன் அஹூஜாவின் சகோதரியிடம் சம்மதம் எழுதி வாங்கினார்கள் என்று சொல்கிறார்கள். அது உண்மையானால், ஐந்து வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் செத்தவன் பக்கத்து ஆள் ஒருவரிடம் 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்டிருக்கிறார்கள். எந்த நெருக்கடியில் அவள் சம்மதித்தாள் என்பதை விட்டுவிட்டாலும், கேட்டார்கள்.

இன்னொரு வழியாகவும் ஜூரி உள்ளே வந்துவிட்டது. எந்தக் கொலைக்குத் தூக்கு என்பதற்கு சுப்ரீம் கோர்ட் 1983-இல் ஒரு அளவுகோல் சொன்னது: சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ந்துபோக வேண்டும். 2005-இல் பார்லிமெண்ட் தாக்குதல் வழக்கில், அப்ஸல் குருவுக்கு மரண தண்டனை கொடுத்தால்தான் அந்த மனசாட்சி திருப்தியடையும் என்று எழுதியது. இந்த மனசாட்சியை எங்கே போய் விசாரித்தார்கள்? ஒன்பது பேரானாலும் அவர்களுக்குப் பெயர் இருந்தது, பெட்டிக்குள் உட்கார்ந்தார்கள், ஒருவர் மாறுபட்டால் எட்டுக்கு ஒன்று என்று எழுதினார்கள். கூட்டு மனசாட்சியில் அந்த ஒன்பதாவது ஆள் கிடையாது.

கடைசியாக, ஜூரி இன்னும் உயிரோடு இருக்கிற பக்கத்து நாட்டுக்கு வருகிறேன். இலங்கை ஹைகோர்ட்டில் கடுமையான சில குற்றங்களுக்கு, கூண்டில் நிற்பவர் கேட்டால், ஏழு பேர் கொண்ட ஜூரி உண்டு. ஐந்துக்கு இரண்டு என்றாலும் தீர்ப்புச் செல்லும். எந்த மொழி பேசுகிற ஜூரி வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். விசாரணை தனக்குப் புரிய வேண்டும் என்ற அளவில் இது மிக நியாயமான உரிமை. சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. 1996 பிப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்தில் குமாரபுரம் என்ற கிராமத்தில் பெண்களும் குழந்தைகளுமாக 20-க்கும் மேற்பட்ட தமிழர்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. உயிர் தப்பியவர்கள் அத்தனை தூரம் போய்ச் சாட்சி சொன்னார்கள். இருபது வருஷம் கழித்து, 2016 ஜூலையில், ஆறு ராணுவ கார்ப்பொரல்களையும் ஜூரி விடுவித்தது. காரணம் கிடையாது. ஏன் என்று அந்தக் கிராமத்தார் கேட்டால், கேட்க இடம் கிடையாது.

ஜூரி இல்லாத கோர்ட்டிலும் கதை முடிகிற விதம் பார்த்ததுதான். மிருசுவிலில் 2000-இல் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கை ஜூரி இல்லாமல் ஜட்ஜுகளே விசாரித்து, 2015-இல் ஒரு ராணுவ சார்ஜெண்டுக்கு மரண தண்டனை விதித்தார்கள். சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு வந்தது. செத்தவர்களின் உறவினரிடம் சம்மதம் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

நடராஜா ரவிராஜ் யாழ்ப்பாணத்துப் பார்லிமெண்ட் அங்கத்தினர், அதற்கு முன் யாழ்ப்பாண மேயர். 2006 நவம்பர் 10-ஆம் தேதி காலையில் கொழும்பில் காருக்குள் சுடப்பட்டார். அவருடைய மெய்க்காப்பாளரான போலீஸ்காரரும் கூடவே செத்தார். வழக்கு வர பத்து வருஷம் ஆயிற்று. கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்தவர்கள் உள்பட ஐந்து பேர் மேல் விசாரணை நடந்தது. ஜூரி வேண்டும் என்றார்கள். சிங்களம் பேசும் ஜூரி. ரவிராஜ் குடும்பத்தினர் தரப்பில் இதை எதிர்த்து வாதாடினார்கள். எடுபடவில்லை. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய பிறகு, ஏழு பேர் வந்து எல்லோரும் குற்றமற்றவர்கள் என்றார்கள். சாட்சியம் போதவில்லை என்று அவர்கள் நேர்மையாகவே நினைத்திருக்கலாம். அல்லது இரண்டாவது அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் ஒரே சொல்தான்.

ரவிராஜுக்குச் சிங்களம் நன்றாக வரும். தமிழ் அரசியல்வாதிகளில் சிங்கள மக்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசிப் புரியவைக்க முயன்ற மிகச் சிலரில் அவர் ஒருவர். டெலிவிஷனில் அவர் பேசியதை அந்த ஏழு பேரில் யாராவது கேட்டிருக்கவும் கூடும். ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். செத்தவரைத் தெரியுமா என்றும் கேட்பார்கள். தெரிந்திருந்தால் உட்கார முடியாது.